இரண்டு கோடி பவுண்டு

வணக்கம் சார்,

பிரிட்டன் 1833இல் அடிமை முறையை ஒழித்ததைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடாகப் போன 2 கோடி பவுண்டைப் 'பகல் கொள்ளை' என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் அதிகம் என்று பட்டது. அன்றைய சட்டப்படி அது அவர்கள் சொத்து. அரசே அனுமதித்த சொத்தை அரசே பறித்தால் ஈடு தர வேண்டாமா? நம் ஊரில் 1948இல் ஜமீன்களை ஒழித்தபோதும் ஜமீன்தார்களுக்குப் பணம் கொடுத்தோமே. பணம் கொடுக்காத அமெரிக்கா உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கில் உயிர்களைப் பறிகொடுத்தது. அதை நினைத்தால் 2 கோடி மலிவுதானே?

இன்னொன்று. அந்தக் கடனை பிரிட்டன் 2015 வரை கட்டியது என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. உண்மையா?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

ஜமீன் உதாரணம் நல்ல உதாரணம். ஆனால் அது உங்கள் பக்கம் சாட்சி சொல்லாது. 1948 சட்டத்தில் ஜமீன்தாருக்குப் பணம் போனது, ரயத்துக்குப் பட்டா போனது. எல்லா ஊரிலும் ஒழுங்காகப் போனதா என்பது வேறு கதை. குறைந்தபட்சம் உழுதவனும் கணக்கில் ஒரு ஆளாக இருந்தான். பிரிட்டன் விடுவித்தது சுமார் 8 லட்சம் பேரை. அவர்களுக்குக் காலணா கிடையாது, ஒரு குழி நிலம் கிடையாது. அதற்கு மேல் 'பயிற்சிக் காலம்' என்று ஒன்றை வைத்தார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இன்னும் ஆறு வருஷம் அதே முதலாளியிடம் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் உழைக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவனுக்கு என்ன பயிற்சி என்று கேட்காதீர்கள், எனக்கும் புரியவில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்த 1834 ஆகஸ்ட் 1 அன்று மேற்கிந்தியத் தீவான டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஆளுநர் மாளிகை முன்னால் கூட்டம் கூடியது. பெரும்பாலும் வயதானவர்கள். ஆளுநர் புதுச் சட்டத்தை விளக்கப் பார்த்தார். 'ஆறு வருஷம் கிடையாது' என்று பிரெஞ்சில் கத்தி அவரைப் பேசவே விடவில்லை. நஷ்டஈட்டில் ஒரு பங்கைத் தங்கள் உடம்பால் தாங்களே கட்டப்போகிறோம் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எதிர்ப்பு பெருகி, கடைசியில் 1838இலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

சரி, பணத்தை எப்படிப் பிரித்தார்கள்? நான் 'பகல் கொள்ளை' என்று எழுதியதே இதைப் பார்த்துத்தான். லண்டனில் ஒரு ஆணையம் அமைத்தார்கள். ஒவ்வொரு காலனியிலும் 1822 முதல் 1830 வரை அடிமைகள் என்ன விலைக்குப் போனார்கள் என்று சராசரி எடுத்தார்கள். பிறகு ஆட்களைத் தரம் பிரித்தார்கள்: மேஸ்திரி, கைத்தொழில் தெரிந்தவர், அதில் இரண்டாம் தரம், வயல் வேலைக்காரர், அதிலும் இரண்டாம் தரம், வீட்டு வேலைக்காரர். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி வகை. அந்தக் குழந்தைகள் அன்றைக்கே முழு விடுதலை பெற்றவர்கள், ஆனாலும் அவர்களுக்காகவும் முதலாளிக்குப் பணம் உண்டு. கடைசி வகை கிழவர்கள், நோயாளிகள், 'பயன்படாதவர்கள்'. அவர்களுக்கும் விலை உண்டு. பிரிட்டிஷ் கயானாவில் ஓர் ஆளுக்குச் சராசரியாக 50 பவுண்டுக்குச் சற்று மேல் கிடைத்தது, ஜமைக்காவில் 20 பவுண்டை ஒட்டி. கயானாவில் மண் புதுசு, ஆள் பஞ்சம், அதனால் சந்தை விலை ஏறியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

சுமார் 46 ஆயிரம் கோரிக்கைகள் வந்து விழுந்தன. பெரிய தோட்ட முதலாளிகள் மட்டும் இல்லை. பாதிரியார்கள் இருந்தார்கள். ஒன்றிரண்டு வீட்டு அடிமைகளை வெளியே வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் காலம் தள்ளிய விதவைகளும் இருந்தார்கள். தோட்டத்தின் மேல் அடமானம் பிடித்திருந்த லண்டன் வியாபாரி ஒரு பக்கம், உயிலில் பாகம் எழுதப்பட்ட தம்பி ஒரு பக்கம் என்று ஒரே கோரிக்கைக்குப் பல பேர் அடித்துக்கொண்டார்கள்.

'அன்றைய சட்டப்படி சொத்து' என்கிறீர்கள். தோட்ட முதலாளிகளும் நாடாளுமன்றத்தில் வார்த்தை மாறாமல் இதைத்தான் சொன்னார்கள். அரசு முதலில் சொன்னது ஒன்றரைக் கோடி, அதுவும் கடனாக. பேரம் பேசிப் பேசி அது 2 கோடியாகி, திருப்பித் தர வேண்டாத மானியமாகவும் ஆனது. அரசின் ஒரு வருஷச் செலவில் 40 சதவீதம் அளவுக்கு வரும் தொகை. பேரம் பேசியவர்களில் பலர் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அந்தப் பேரத்தில் கரும்பு வெட்டியவருக்கு இடமே இல்லை.

வேறு வழியில்லை என்பது உங்கள் அடுத்த வாதம். அமெரிக்காவில் பணம் கொடுக்க முன்வரவில்லை என்பது சரியில்லை. லிங்கன் முன்வந்தார். டெலாவேர் மாநிலத்தில் முயன்றார், ஒத்துக்கொள்ளவில்லை. 1862 ஜூலையில், அடிமை முறை இருந்தும் நாட்டை விட்டுப் பிரியாத எல்லை மாநிலங்களின் பிரதிநிதிகளைக் கூப்பிட்டுக் கெஞ்சினார், அவர்களும் மறுத்தார்கள். தலைநகர் வாஷிங்டனில் மட்டும் அந்த ஏப்ரலில் ஆளுக்குச் சராசரி 300 டாலருக்கு மிகாமல் கொடுத்து விடுவித்தார்கள். விலை மதிப்பிட பால்டிமோரிலிருந்து ஓர் அடிமை வியாபாரியையே வரவழைத்தார்கள். நிபுணர் வேண்டுமே!

பிரேசிலை எடுங்கள். 1888இல் ஒரு பைசா நஷ்டஈடு இல்லாமல் விடுதலை. உள்நாட்டுப் போர் எதுவும் வரவில்லை. கோபித்துக்கொண்ட முதலாளிகள் முடியாட்சியைக் கைவிட்டார்கள், அடுத்த வருஷம் அது கவிழ்ந்தது என்பது உண்மைதான். பிறகு வந்த குடியரசிடமும் ஈடு கேட்டு மனு போட்டார்கள். நிதியமைச்சர் ரூயி பார்போசா 1890இல் அதைத் தள்ளுபடி செய்தார். கருவூலத்துக்குச் சுமையில்லாமல் அடிமையாக இருந்தவர்களுக்கு ஈடு தர வழி கண்டால் அதுதான் நியாயம் என்றும் எழுதினார். அதன் பிறகு அடிமைப் பதிவேடுகளை எரிக்க ஆணையிட்டார். விடுதலையானவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்குச் செல்லாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இங்கே 1843இல்தான் அடிமை முறை பற்றிய ஐந்தாம் சட்டம் வந்தது. ஒரு ரூபாய் நஷ்டஈடு இல்லை. ஏன்? நம் மிராசுதாருக்கு லண்டனில் ஓட்டு இல்லை. அதோடு, அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்பதைத் தாண்டி அந்தச் சட்டம் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. கடன் என்ற பெயரில் பண்ணையாள் அதே பண்ணையில் கிடந்தார். அசைக்கப்படாத மிராசுதாருக்கு எதற்கு ஈடு?

அந்த 2 கோடி என்ன ஆனது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நமக்குச் சம்பந்தம் இருக்கிறது. ஜான் கிளாட்ஸ்டன் என்று ஒருவர். நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. சுமார் 2,500 பேருக்காக 1 லட்சத்து 6 ஆயிரம் பவுண்டு வாங்கினார். 1836இல் கல்கத்தாவிலிருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் போட்டார்: என் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் வேண்டும். 1838 மே மாதம் இரண்டு கப்பல்கள் கயானாவில் போய் நின்றன. பழைய ஆட்கள் பயிற்சிக் காலம் முடிந்து வெளியே வருவதற்குள் மாற்று ஆள் தயார். மொரிஷியஸ் அதைவிட வேகம். அடிமை முறை அங்கே 1835இல் முடிந்தது, இந்தியக் கூலிகளின் கப்பல் 1834 நவம்பரிலேயே வந்துவிட்டது. அப்புறம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்களும் போனார்கள்.

2015 விஷயம் உண்மைதான். ஆனால் வீட்டுக்கடன் தவணை மாதிரி நினைக்க வேண்டாம். ஒன்றரைக் கோடியை 1835இல் லண்டன் நிதி முதலாளிகளான ராத்ஸ்சைல்டும் மான்டிஃபியோரியும் திரட்டிக் கடனாகக் கொடுத்தார்கள். அது மற்றப் பழைய கடன்களோடு கலந்து, முதிர்வுத் தேதியே இல்லாத அரசுப் பத்திரங்களுக்குள் போய்விட்டது. அவற்றை அரசு 2015இல் தீர்த்தது. 2018இல் பிரிட்டிஷ் நிதித்துறை இதைப் பெருமையாக ட்விட்டரில் போட்டது: உங்கள் வரிப்பணம்தான் அடிமை வியாபாரத்தை ஒழிக்க உதவியது என்கிற பொருளில். ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் போய் லண்டன் பேருந்துகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும் அந்த வரியைக் கட்டியவர்கள்தான். எதிர்ப்பு கிளம்பியதும் நிதித்துறை பதிவை எடுத்துவிட்டது.

அன்புடன்