கல் போடுகிறவர் வீட்டுப் பிள்ளை செராமிக் படிக்கலாமா?

அண்ணே, "கல்லு போடுற பொழப்பு என்னோட போகட்டும்னுதானே படிக்க வச்சேன், இவ செராமிக்குங்கிறாளே" என்று நீங்கள் சொன்னது மனதிலேயே நிற்கிறது.

இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் போடும் ஆத்தங்குடித் தரைக்கல்லில் கண்ணாடி மேல் வர்ணச் சிமெண்ட், அதன்மேல் உலர்ந்த கலவை, பிறகு ஈரக்கலவை. தண்ணீரில் கிடந்தே இறுகிவிடும், நெருப்பு கிடையாது. பிள்ளை கேட்பது, 1,000 டிகிரிக்கு மேல் சூளையில் இறுகும் அடுக்குகளை.

உங்கள் கைப்பேசிக்குள் மின்னைத் தேக்கி விடும் கெப்பாசிட்டர்கள், கடுகைவிடச் சிறியவை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பேரியம் டைட்டனேட் என்ற செராமிக் அடுக்கும் நிக்கல் அடுக்கும் மாறி மாறி, பல நூறு. பொடியைப் பசையோடு அரைத்து, தோசை மாவுப் பதத்தில் ஒரு கத்திக்குக் கீழே இழுத்து மெல்லிய நாடாவாக்குவார்கள். காய்ந்ததும் நிக்கல் மையை அச்சிட்டு, அடுக்கி, அழுத்தி, நறுக்கிச் சூளைக்கு அனுப்புவார்கள்.

கஷ்டமெல்லாம் சூளையில்தான். பசையை அவசரமாக எரித்தால், வெளியேற வழியில்லாத வாயு அடுக்கைப் பிளந்துவிடும். சுடும்போது ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும். நிக்கலும் செராமிக்கும் ஒரே நேரத்தில் சுருங்காவிட்டால் வளையும், பிரியும். காற்றில் சுட்டால் நிக்கல் ஆக்சைடாகிவிடும் என்பதால் உள்ளே ஆக்சிஜனைக் குறைக்க வேண்டும். நுண்துளை மிஞ்சினால் மின்னழுத்தம் தாங்காது. கலவையின் ஈரம் தப்பினால் கல் என்னாகும் என்று உங்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அது மதிப்பெண்ணைவிடப் பெரிது.

சென்னை கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். செராமிக் டெக்னாலஜி இருக்கிறது. நம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் கொடையில் 1944இல் தொடங்கிய கல்லூரி. காரைக்குடி சிக்ரியும் அவர் தந்த 300 ஏக்கரில் எழுந்து, 1953இல் திறந்ததுதான். மின்வேதியியல் ஆய்வகம் அது. எரிபொருளிலிருந்து நேராக மின்சாரம் தரும் திட ஆக்சைடு எரிபொருள் கலம் போன்றவையும் அந்தத் துறையைச் சேர்ந்தவை. அந்தக் கலத்தில் நடு அடுக்கு வாயு புகாதபடி இறுகியும், இரு பக்கமும் நுண்துளையோடும் இருக்க வேண்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.டெக். முடித்ததும் எளிதில் கிடைப்பது டைல்ஸ், சானிட்டரி, சூளைக்கல் ஆலை வேலை. மின்னணு அடுக்குகளுக்குள் போக எம்.டெக். வேண்டியிருக்கும்; வெளியூர் போக வேண்டியிருக்கும். ஊரிலேயே வேலை என்பது உங்கள் முடிவானால் இந்தப் பாடம் வேண்டாம்.

கலந்தாய்வு விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒருநாள் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். அண்ணியையும் கூட்டி வாருங்கள். வெளியூர் என்றதும் அவர் முகம்தான் வாடியது. அவரிடம் நான் தனியாகப் பேச வேண்டும்.