பழைய கார் உட்பக்க வேலை: கேள்வி பதில்

மொரிஸ், ஒஸ்ரின், றைலி கார் வைத்திருக்கிற ஆக்கள் கேட்ட கேள்விகள் இவை. கனக்கச் செலவழிக்காமல், இருக்கிறதைக் காப்பாற்றுகிற வழியைத்தான் சொல்லியிருக்கிறன்.

நெல்லியடியிலிருந்து: அண்ணை, றைலி 1.5 காரின்ர டாஷ்போட் வாணிஷ் வெடிச்சு மஞ்சளாப் போச்சு. இடக்கரையில வெனியரும் எழும்பி நிக்குது. சாண்டர் மெசினால உரஞ்சி எடுக்கலாமோ?

மெசின் வேண்டாம் தம்பி. அந்த வால்நட் மரம் முழுப் பலகையில்லை, அடிப்பலகையில ஒட்டின மெல்லிய மரத்தாள், அதுதான் வெனியர். ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் வராது. மெசின் முதல்ல விளிம்பைத்தான் தின்னும். அடிப்பலகை தெரிஞ்சால் பிறகு நிறம் பூசி மறைக்கேலாது.

தொடங்க முந்திப் பற்றரி வயரைக் கழட்டுங்கோ. அந்தக் காலத்துக் கார்களில பொசிற்றிவ் முனைதான் காரின்ர இரும்பு பொடியில பூட்டியிருக்கும், பிறகு ஆரும் மாத்தியிருக்கவும் கூடும். அதால இருந்த மாதிரியைப் படம் எடுத்து, ஒவ்வொரு வயரிலயும் இலக்கம் எழுதி ஒட்டுங்கோ.

மேல இருக்கிறது என்ன பூச்சு எண்டு அறிய, மீற்றருக்குப் பின்னால மறைவான இடத்தில மெதிலேற்றட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிசம் வையுங்கோ. இளகினால் அரக்குப் பொலிஷ். இளகாட்டி லக்கருக்குக் கலக்கிற என்.சி. தின்னரால பாருங்கோ, அதுக்கு இளகினால் லக்கர். இரண்டுக்கும் அசையாட்டித்தான் பெயின்ற் ரிமூவர். இளகின பூச்சை முனை மழுக்கின மூங்கில் சிலாகையால, ரேகை ஓடுற பக்கமாத் தள்ளி எடுங்கோ. பிளாஸ்ரிக் அட்டையால வேண்டாம், அது தின்னரில தானும் இளகி மரத்தில ஒட்டிப்போகும்.

இரண்டு நாள் காயவிட்டு, எழும்பின வெனியருக்குக் கீழ இருக்கிற தூசியை ஊதி எடுத்து, ஊசி போடுற சிரிஞ்சால மர வேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசையை உள்ள விடுங்கோ. மேல பொலித்தீன், அதுக்கு மேல மட்டமான கட்டை, கிளாம்ப், 24 மணித்தியாலம். வழிஞ்ச பசையை உடன ஈரத்துணியால துடையுங்கோ. காய்ஞ்ச பசை நிக்கிற இடத்தில நிறம் ஏறாது, திட்டாத் தெரியும். பிறகு 240, 320 இலக்க சாண்ட்பேப்பர், கையாலதான், கட்டையில சுத்திப் பிடிச்சு.

பூச்சுக்கு அரக்கு வேண்டாம். வெயிலில விட்ட காருக்குள்ள இளகும், தண்ணி பட்டால் வெளுக்கும். வெயில் தாங்குற, படகுக்குப் பூசுற வாணிஷ் நல்லது. முதல் கோட்டில நாலு பங்குக்கு ஒரு பங்கு ரேப்பன்ரைன் கலவுங்கோ. பிறகு கலக்காமல் ஐந்து கோட், நாளுக்கு ஒண்டு. ஒவ்வொண்டுக்கும் இடையில 400 இலக்கத்தால மெல்லமா உரஞ்சுங்கோ. மூண்டு கிழமைக்குப் பிறகு 1000, 1500, 2000 எண்டு தண்ணியோட உரஞ்சி, மினுக்கிற கொம்பவுண்ட் போட்டால் கண்ணாடி மாதிரி வரும். ரூ-பக் பூச்சு (இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கிறது) இன்னும் உறுதிதான், ஆனால் அதை ஸ்பிறே பண்ணேக்க வாற ஐசோசயனேற்று எண்ட நஞ்சைச் சாதாரண முகமூடி தடுக்காது. வீட்டில செய்ய வேண்டாம்.

கோப்பாயிலிருந்து: லக்கர் ஸ்பிறே பண்ணி அரை மணித்தியாலத்தில வெள்ளை பூத்திட்டுது. தின்னர் கூடாததோ?

எந்த மாதம் அடிச்சனீங்கள்? ஐப்பசி, கார்த்திகை மாரியெண்டால் காரணம் காற்றின்ர ஈரம். தின்னர் ஆவியாகேக்க மேற்பரப்பு குளிரும், காற்றில இருக்கிற ஈரம் அதில படிஞ்சு பூச்சுக்குள்ள அகப்பட்டிடும். உரஞ்சி எடுக்கத் தேவையில்லை. வெயில் எறிக்கிற நாளில, மெதுவாக் காயுற றிராடர் தின்னரை மெல்லிசா ஒருக்கா ஸ்பிறே பண்ணுங்கோ, பூச்சு இளகி ஈரம் வெளியேறும். சோளகம் வீசேக்க தூசி பறந்து ஒட்டும். மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

சாவகச்சேரியிலிருந்து: மொரிஸ் மைனர் கதவின்ர உள் அட்டை கீழ்ப்பக்கம் ஊதி வளைஞ்சு போச்சு. புது றெக்சின் போட்டால் சரிவருமோ ஐயா?

வராது. வருத்தம் றெக்சினில இல்லை, பின்னால. கண்ணாடியால வடியிற மழைத்தண்ணி கதவுக்குள்ளதான் இறங்கும், கீழ இருக்கிற ஓட்டையளால வெளியேறும். ஓட்டை மண்ணால அடைஞ்சால், அல்லது அட்டைக்குப் பின்னால இருந்த மறைப்பு இல்லாட்டி, அந்த ஹாட்போட் அட்டை தண்ணியைக் குடிச்சு ஊதும். கம்பியால ஓட்டையளைத் துப்பரவாக்குங்கோ.

பழைய றெக்சினை எறியாதேங்கோ. அதில சூட்டால அழுத்தின கோடுகளைத் தையலால திரும்ப எடுக்கேலாது. ஹெயார் டிறையரால சூடாக்கி, மூலையில இருந்து மெல்ல மெல்ல உரியுங்கோ. பழைய அட்டையை அச்சா வைச்சு 3 மில்லிமீற்றர் மரீன் பிளைவுட் வெட்டுங்கோ. கைபிடி, கிளிப் ஓட்டையளை இப்பவே துளைச்சு, இரண்டு பக்கமும் விளிம்பும் ஓட்டையின்ர உட்சுவரும் இரண்டு கோட் வாணிஷ். விளிம்பை விட்டால் முழு வேலையும் வீண், தண்ணி ஏறுறது அதாலதான்.

ஒட்டுறதுக்குக் கொன்ராக்ற் பசை, இரண்டு பக்கமும் பூசி, விரலில ஒட்டாத அளவுக்கு 10, 15 நிமிசம் காயவிட்டு. ஒருக்காப் பட்டால் அசைக்கேலாது, நடுவில இருந்து விளிம்புக்கு அழுத்துங்கோ. கடைசியாக் கதவில பொலித்தீன் ஒட்டி, அதின்ர கீழ் ஓரத்தைக் கதவுக்குள்ள செருகுங்கோ. வெளியால தொங்கினால் தண்ணி நேர அட்டைக்குத்தான் வரும்.

சுன்னாகத்திலிருந்து: தோல் சீற்றுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம் எண்டு சொல்லுகினம்.

பூசாதேங்கோ. சிக்கு மணக்கும், தூசி பிடிக்கும், பிறகு நிறம் பூசினாலும் ஒட்டாது. ஏற்கெனவே பூசியிருந்தால், சவர்க்கார நுரையாலும் பிழிஞ்ச துணியாலும் இரண்டு மூண்டு தரம் துடையுங்கோ.

வல்வெட்டித்துறையிலிருந்து: ஸ்ரியறிங் வளையத்தில நாலு வெடிப்பு. எபொக்சி வைச்சன், ஆறு மாதத்தில திரும்ப வெடிச்சிட்டுது.

உள்ள இரும்பு வளையம், வெளியில பிளாஸ்ரிக். காலம் போகப் பிளாஸ்ரிக் சுருங்கும், இரும்பு விட்டுக்கொடாது, அதால வெடிக்குது. மேலால அப்பினால் நிக்காது. மூண்டு பக்க அரத்தால இரும்பு தெரியும்வரை ‘வி’ வடிவில, மேல 4 மில்லிமீற்றர் அகலமாத் திறவுங்கோ. கடற்கரைக் காற்றில அந்த இரும்பு கட்டாயம் கறல் பிடிச்சிருக்கும். கறலைச் சுரண்டி, தின்னரால துடைச்சு, எபொக்சி ‘பற்றி’யை (வெடிப்பு அடைக்கிற களி) அமத்தி, கொஞ்சம் மேலெழும்ப விடுங்கோ. அடுத்த நாள் 120, 240, 400. பிறகு பிறைமர், பெயின்ற்.

காரைநகரிலிருந்து: தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரின். கூரையின்ர உள்பக்கத் துணி கறுத்துப்போய் மணக்குது. கழுவலாமோ?

துணி நனைஞ்சால் சுருங்கி ஆணியில இருந்து கிழியும், காயேக்க மண்ணிற வளையமும் விழும். மென்மையான பிறஷால தூசியைத் தட்டி, நுரையை மட்டும் ஸ்பொஞ்சில தொட்டு, ஒரு தையலில இருந்து அடுத்த தையல்வரை நிற்பாட்டாமல் துடையுங்கோ. விரலால அமத்தேக்க துணி விட்டுப்போனால் புதுசுதான் போடவேணும்.

மானிப்பாயிலிருந்து: மொரிஸ் மைனர் றவலரின்ர பின் மரச்சட்டத்தில உழுத்த இடங்களில ‘பற்றி’ வைச்சு அடைச்சு வாணிஷ் பூசினால் காணுமோ?

காணாது. அந்த ஆஷ் மரம் அலங்காரத்துக்கு வைச்சதில்லை, பின்பக்கத்தைத் தாங்கி நிக்கிறதே அதுதான். கூரான ஊசியால கீழ்ச் சட்டத்தையும் மூட்டுகளையும் குத்திப் பாருங்கோ. 2, 3 மில்லிமீற்றருக்கு மேல லேசா இறங்கினால் அந்தத் துண்டை மாத்தவேணும். நல்ல ஓடாவியிட்டப் பழைய துண்டை அப்பிடியே அச்சாக் குடுங்கோ. உடைஞ்ச துண்டெண்டாலும் எறியாதேங்கோ, மூட்டின்ர அளவு அதிலதான் இருக்கு.