மனசுக்குள் பார்த்தது கோர்ட்டில் நிற்குமா?

வக்கீலம்மா பதில்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் ஆபீஸ் ஜூனியர்களோடு சூப்பர்ஹீரோ ரோல்பிளேயிங் கேம் ஆடுவதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஹீரோவாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவார்கள். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெலிபதியைப் பற்றித்தான், அதாவது அடுத்தவர் மனசைப் படிக்கிற பவரைப் பற்றி. 22 வருஷமாக செஷன்ஸ் கோர்ட்டில் எதிரி தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, நிற்கிறவள் நான். இந்தக் கேள்விகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த முறை இடம் முழுக்க இவற்றுக்கே.

வக்கீலம்மா, காலேஜ் நண்பர்களுக்கு நான்தான் கேம் மாஸ்டர். மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு கொலை மர்மம் எழுதினேன். டெலிபத் கேரக்டர் வைத்திருக்கும் நண்பன் முதல் பத்து நிமிஷத்தில் சந்தேகப்பட்ட ஐந்து பேரின் மனசையும் படித்து, "இந்த ஆள்தான்" என்று சொல்லிவிட்டான். ஆட்டம் முடிந்துபோனது. அந்தப் பவரையே எடுத்துவிடலாமா?
– கோவை

எடுக்காதீர்கள், தம்பி. ஆசைப்பட்டுக் கட்டின கேரக்டரின் கையை ஒடிப்பது அது. உங்கள் கதை "யார்?" என்ற ஒரே கேள்வியில் தொங்கியதுதான் சிக்கல். நான் பார்த்த வழக்குகளில் யார் செய்தார் என்பது ஸ்டேஷனில் முதல் நாளே தெரிந்திருக்கும். அதை நிரூபிக்கும் இடத்தில்தான் கேஸ் விழும். பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பார். பொருளைக் கண்டெடுத்ததாக ரெகவரி காட்டிய இடம் ஊர் முழுக்க நடமாடும் பொது இடமாக இருக்கும். உங்கள் டெலிபத்துக்கு "யார்" என்பதை இனாமாகவே கொடுத்துவிடுங்கள். அவர் கொண்டுவந்தது ஒரு துப்பு. அதைச் சாட்சியமாக மாற்றுகிற பாடுதான் ஆட்டம்.

இதற்கு அருமையான ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. 1978 மே மாதம், இல்லினாய் மாநிலத்தில் புளூமிங்டேல் என்ற ஊர் போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. இன்ன தம்பதி போதைப்பொருள் விற்கிறார்கள், மனைவி காரை ஃபுளோரிடாவுக்கு ஓட்டிப் போவார், கணவர் பின்னால் விமானத்தில் போய்க் காரை எடுத்து வருவார் என்று எழுதியிருந்தது. கடிதத்தை மட்டும் காட்டி வாரன்ட் வாங்க முடியாது. போலீஸ் விமான டிக்கெட்டைச் சரிபார்த்தது. கணவர் போய் இறங்கியதையும், மனைவி பேரில் இருந்த மோட்டல் அறைக்குப் போனதையும், மறுநாள் காலை கார் வடக்கே திரும்பியதையும் ஆள் வைத்துப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் வாரன்ட். டிக்கியில் சுமார் 350 பவுண்டு கஞ்சா கிடைத்தது. வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய், 1983-ல் அந்த வாரன்ட் செல்லும் என்று தீர்ப்பானது. கடிதத்தையும் போலீஸ் சேர்த்த விவரங்களையும் மொத்தமாக வைத்துப் பார்க்கவேண்டும் என்றது கோர்ட். உங்கள் டெலிபத் எழுதுவதும் அந்த மொட்டைக் கடிதம் மாதிரிதான். டிக்கெட், மோட்டல், கார், இவை மூன்றும் மற்ற பிளேயர்களுக்கான வேலை. டெலிபத் ஒருவரே எல்லாம் முடித்துவிட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிற தொல்லையும் இதிலேயே தீர்ந்துவிடும்.

எங்கள் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூனியர்களில் ஒருத்தி அமெரிக்கச் சட்டம் மேற்படிப்புக்குப் போக இருக்கிறாள். அதனால் எங்கள் கதை சிகாகோவில் நடக்கிறது. ஆடுவது 1981-ல் வந்த சாம்பியன்ஸ் விதிகளில். ஒரு பழைய குடோனில் தீ, ஒருவர் சாவு. அவள் கேரக்டரின் பேர் ஓசை. ஓசை அங்கிருந்த வாட்ச்மேனின் மனசைப் படிக்கிறாள். எட்டுப் பகடை. அவள் உள்ளங்கையில் அடங்காமல் இரண்டு தரையில் உருண்டு, பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்து மறுபடி உருட்டினாள். கூட்டினால் 28. வாட்ச்மேனுக்கு ஈகோ, அதாவது மன உறுதிக்கான எண், 13. அந்த விதிப்படி 13-ஐத் தாண்டினால் மேலோட்டமாக ஓடும் நினைப்பு தெரியும். 23-ஐத் தாண்டினால் ஒளித்து வைத்த நினைப்பு தெரியும். பழைய நினைவுக்குள் போக 33-ஐத் தாண்டவேண்டும். 28 என்றால் ஒளித்த நினைப்பு கிடைக்கும், நினைவு கிடைக்காது. நான் சொன்னது ஒரே வரி: "படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறதை யாரும் பார்த்துவிடக் கூடாது."

என்ன இருக்கிறது, யார் வைத்தது, எப்போது? ஒன்றும் தெரியாது. ஓசை டிடெக்டிவிடம் ஓடினாள். டிடெக்டிவாகப் பேசுவது கேம் மாஸ்டரான நான்தான். நோட்டை மூடிவிட்டுக் கேட்டேன்: "இதை நீ எங்கே பார்த்தாய் என்று ஜட்ஜ் கேட்டால் நான் என்ன சொல்ல?" மேஜையே கப்சிப். கடைசியில் எந்தப் பவரும் இல்லாத, பூட்டு ரிப்பேர் கடைக்காரர் கேரக்டர் ஆடுகிற பையன்தான் வழி கண்டான். கட்டட உரிமையாளரிடம் போய், பொதுப் படிக்கட்டைப் பார்க்கச் சம்மதம் எழுதி வாங்கினான். அடியில் பெட்ரோல் கேன், அதில் கடை ஸ்டிக்கர். ஸ்டிக்கரிலிருந்து கடை, கடையிலிருந்து பில், பில்லிலிருந்து கார்டு. இரண்டு ஞாயிறு போனது. கேனை வாங்கியது வாட்ச்மேன் இல்லை. அவர் தன் முதலாளியின் மகனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

நீங்களும் ஒவ்வொரு சந்தேக நபருக்கும் மூன்று வரி எழுதி வையுங்கள்: இப்போது நினைப்பது, ஒளிப்பது, ஞாபகம் இருப்பது. மூன்றாவது உண்மைக்கு மாறாக இருக்கலாம், அதை மறக்காதீர்கள். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படத்தைக் காட்டி மாணவர்களிடம் கேள்வி கேட்டார்கள். கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். "இடித்தபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. அந்த 16 பேர் மனசையும் டெலிபத் படித்தால் கண்ணாடி பளபளவென்று தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லையே.

டெலிபத் ஹீரோ கூண்டில் ஏறி, "அவன் மனசில் நான் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னால் ஜட்ஜ் ஏற்றுக்கொள்வாரா? இதற்காக எங்கள் குழுவில் ஒரு முழு செஷன் வாக்குவாதம்.
– சென்னை

வாக்குவாதம் செய்யவேண்டிய விஷயம்தான். இதற்குப் பதில் சூப்பர்ஹீரோ சரித்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளர், பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் ஏறும் என்று ஒரு சோதனை கண்டுபிடித்தார். வாஷிங்டனில் ஒரு கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஃபிரை என்பவரைச் சோதித்து, அவர் சொல்வது உண்மை என்றார். கோர்ட் அவரைச் சாட்சியாகவே விடவில்லை. 1923-ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு: அந்தத் துறையில் இருப்பவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முறையாக இருந்தால்தான் கோர்ட்டுக்குள் வரலாம். அதே மார்ஸ்டன்தான் 1941-ல் வொண்டர் வுமனைப் படைத்தவர். கட்டினால் உண்மை பேசவைக்கும் கயிறு அவள் கையில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்க மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டுகள் 1993-லிருந்து வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன: சோதித்துப் பார்க்க முடியுமா, எத்தனை தடவை தப்பாகும், சக ஆய்வாளர்கள் பரிசீலித்தார்களா என்றெல்லாம் கேட்கும். எங்கள் கதை நடக்கும் சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலம் இன்னும் ஃபிரை முறையில்தான் இருக்கிறது. உலகத்திலேயே மூன்று டெலிபத்துகள்தான் உண்டு என்றால் "துறையில் இருப்பவர்கள்" யார்? அந்த மூன்று பேரில் ஒருவர் வில்லன் என்றால்? இதை வைத்தே ஒரு செஷன் ஆடலாம். நாங்கள் ஆடினோம். கவர் போட்ட 20 சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொல், மூடின கதவுக்குப் பின்னால் ஓசை. 17 சரி, 3 தப்பு. அந்த மூன்று தப்பைப் பிடித்துக்கொண்டு எதிரி தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒன்றரை மணி நேரம் ஓசையை விடவில்லை.

ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதைச் சாட்சியமாக எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1692-ம் வருஷத்து சேலம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் சேலம், நம் ஊர் சேலம் இல்லை. "இவளுடைய உருவம் வந்து என்னைக் கிள்ளியது" என்று சொன்னதைக் கோர்ட் சாட்சியமாக எடுத்தது. உருவம் வேறு யாருக்கும் தெரியாது. ஜூன் 10-ந் தேதி பிரிட்ஜெட் பிஷப்பைத் தூக்கிலிட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் 19 பேர். அக்டோபரில் ஆளுநர் அந்தக் கோர்ட்டைக் கலைத்தார். அடுத்த ஜனவரியில் புதிய கோர்ட் அந்த வகைச் சாட்சியத்தை ஒதுக்கியதும் பெரும்பாலோர் விடுதலையானார்கள். உங்கள் டெலிபத் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க முடியாது என்றால், என் கட்சிக்காரருக்காக நான் என்ன கேட்டுக் குறுக்கு விசாரணை செய்வேன்?

இதற்கு மேல் மௌனமாக இருக்கும் உரிமை இருக்கிறது. அமெரிக்காவில் எதிரியின் ரத்தத்தை எடுக்கலாம் என்று 1966-ல் தீர்ப்பு வந்தது, ரத்தம் பேசாது என்பதால். 1988-ல் இன்னொரு வழக்கில் நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒரு வித்தியாசம் சொன்னார்: பெட்டியின் சாவியைக் கொடு என்று கட்டாயப்படுத்தலாம், சுவரில் இருக்கும் பெட்டகத்தின் எண்ணைச் சொல் என்று கட்டாயப்படுத்த முடியாது. எண் இருப்பது மனசுக்குள். டெலிபத் எடுப்பது அந்த எண்ணைத்தான்.

கதையைச் சென்னையில் வைத்தால் இன்னும் தெளிவு. 2010 மே 5-ந் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமில்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளை மேப்பிங் சோதனைகள் செய்வது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டம் 20(3)-க்கு விரோதம் என்று நம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சம்மதத்தோடு செய்தாலும் சோதனையில் சொன்னது சாட்சியம் ஆகாது. அதை வைத்துப் பின்னால் கண்டெடுத்த பொருள், சாட்சியச் சட்டம் 27-வது பிரிவின்படி உள்ளே வரலாம். 2024 ஜூலை முதல் அது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 23-வது பிரிவு. டெலிபதிக்கு இதைவிட நல்ல விதியை எந்த கேம் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அப்படியே எடுத்து ஆடுங்கள்.

ஹீரோ போலீஸ் இல்லையே, தனியாள்தானே. அவர் எப்படிக் கண்டுபிடித்தால் என்ன?
– திருச்சி

கேள்வி சரி. அமெரிக்காவில் தனியாள் சட்டவிரோதமாக எடுத்த பொருளைக்கூட அரசு பயன்படுத்தலாம் என்று 1921-லேயே தீர்ப்பு உண்டு. ஆனால் போலீஸ் சொல்லி, போலீசுக்காகச் செய்தால் அவர் போலீசின் கை. அப்புறம் போலீசுக்கு உள்ள கட்டெல்லாம் அவருக்கும் உண்டு. வீட்டுக்கு வெளியே நின்று சூடு காட்டும் கருவியால் உள்ளே பார்த்ததுகூட வாரன்ட் தேவைப்படும் சோதனைதான் என்று 2001-ல் சொன்ன நாடு அது. அப்படி வாரன்ட் இல்லாமல் பார்த்ததிலிருந்து கிளைத்துக் கிடைத்த தடயமும் விழுந்துவிடும். ஆகவே கமிஷனர் உங்கள் ஹீரோக்களுக்குப் பதக்கமும் அடையாள அட்டையும் நீட்டும்போது, அதை வாங்குவதா வேண்டாமா என்று மேஜையில் ஒரு நல்ல சண்டை நடக்கட்டும்.

அக்கா, எங்கட குழுவில ஒரு பிள்ளை தன்ர கேரக்டருக்கு ஒரு ரகசியம் வச்சிருந்தவள். போன கிழமை டெலிபத் ஆடுற பெடியன் கேக்காமலே அந்தக் கேரக்டரின்ர மனசைப் படிச்சு எல்லாருக்கும் சொல்லிப்போட்டான். விதிப்படி சரிதான். அவள் இனி வரமாட்டன் எண்டு சொல்றாள். நான்தான் கேம் மாஸ்டர். என்ன செய்ய?
– ஸ்கார்பரோ

விதிப்படி சரி, உங்கள் மேஜையில் தப்பு, தம்பி. வில்லனின் மனசைப் படிப்பதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் கேரக்டரைப் படிப்பதும் ஒன்றல்ல. அந்த ரகசியத்தை எப்போது, யாரிடம் திறப்பது என்பது அவள் மாதக்கணக்கில் பொத்தி வைத்த கதை.

எங்களிடமும் நடந்தது. ஒரு ஜூனியர் தன் கேரக்டரின் அப்பாவைப் பற்றி எதையோ வைத்திருந்தாள். இன்னொருத்தி சட்டென்று உருட்டிவிட்டாள். நான் தடுக்கவில்லை, அது என் தப்பு. அன்று மீதி நேரம் முழுக்க அந்த ரகசியத்தை வைத்திருந்தவள், உருட்டச் சொன்னபோது பகடையை உருட்டினாள், வாயைத் திறக்கவில்லை. கொண்டுவந்த முறுக்கு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனாள். அதிலிருந்து எங்கள் விதி: சக பிளேயரின் கேரக்டரைப் படிக்கவேண்டும் என்றால், பகடையைத் தொடுவதற்கு முன் அந்த ஆளைப் பார்த்து "படிக்கலாமா?" என்று கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. சரி என்றால், என்ன தெரிகிறது என்பதை அந்த பிளேயரே சொல்வார், நான் சொல்லமாட்டேன். பல மேஜைகளில் எக்ஸ் எழுதின கார்டு ஒன்று நடுவில் வைப்பார்கள். யார் தொட்டாலும் விளக்கம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிடுவார்கள். அதையும் வையுங்கள்.

போன வாரம் நடந்ததைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம். "அந்தக் காட்சி நடக்கவில்லை" என்று கேம் மாஸ்டர் சொன்னால் நடக்கவில்லைதான். அந்தப் பையனிடம் தனியாகப் பேசுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். அவளிடம் முதலில் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள், தடுத்திருக்கவேண்டியவர் நீங்கள். மெசேஜ் அனுப்பாதீர்கள். வீடு பக்கம் என்றால் நேரில் போங்கள், இல்லாவிட்டால் போன் எடுத்துப் பேசுங்கள்.