மறு கன்னம் என்றால் வாயை மூடிக்கொள்வதா?

கேள்வி: பொறையாறு பக்கம் எனக்கு ஒன்றேகால் ஏக்கர். கடைமடை. குறுவைக்கு முறை வைத்துத்தான் தண்ணீர். சனிக்கிழமை ராத்திரி எங்கள் முறை. போய்ப் பார்த்தால் மேல்வயல்காரர் எங்கள் மடையை மண் போட்டு அடைத்துவிட்டுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு என் தாயாரை இழுத்து அசிங்கமாகத் திட்டினார். "வேதக்காரனுக்கு என்னடா முறை" என்றார். என் மண்வெட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினார். நான் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். கூட வந்த என் மகன் எல்லாவற்றையும் செல்போனில் எடுத்து வைத்திருக்கிறான், இன்ஸ்டாகிராமில் போடப்போகிறேன் என்கிறான். "உங்க இயேசு கோழைங்களுக்குத்தான் லாயக்கு" என்றும் சொல்லிவிட்டான். போதகர் ஐயா மறு கன்னத்தைக் காட்டச் சொல்கிறார். டீக்கடையில் சிரிக்கிறார்கள். நான் செய்தது சரியா? போலீசில் புகார் கொடுத்தால் பாவமா? அவரிடம் பேசப் போனால் மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட லுத்தரன் சபை வாசகர்)

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

அந்த ராத்திரி கை நீட்டாமல் திரும்பி வந்தீர்களே, அது சரி. இருட்டு, ஆளுக்கொரு மண்வெட்டி, பக்கத்தில் ரத்தம் கொதிக்கிற இளவட்டம். வாய்க்கால் தகராறு எங்கே போய் முடியும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் கடிதம் நாலு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்திலும் அந்த மனிதருக்கு நீங்கள் வைத்திருக்கிற பெயர் "அந்த நாய்". ஒரு இடத்தில்கூட அவர் பெயர் இல்லை. மடையில் திருப்பிக் கொடுக்காத வசவை வீட்டில் உட்கார்ந்து தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மகனும் கேட்டுக்கொண்டுதானே இருப்பான்? அப்பா வெளியே பொறுமை, உள்ளே வேறு என்று பிள்ளைக்குத் தெரியாதா? அவன் கோழை என்று சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மறு கன்னத்தைக் காட்டு என்று இயேசு சொன்னது மத்தேயு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் 39-ஆம் வசனம். அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால், 22-ஆம் வசனத்தில், "மூடனே என்று சொல்லுகிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான்" என்று இருக்கிறது. ஏன் இவ்வளவு கடுமை? அதற்கு முந்தின வசனத்தில் பேச்சு கொலையைப் பற்றியது. அந்தத் தொடர்ச்சியிலேயே கோபத்தையும் வசவையும் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஒருவனை மனிதன் இல்லை என்று மனதுக்குள் முடிவுகட்டிய பிறகுதான் கை ஓங்குகிறது. அடுத்த இரண்டு வசனங்களைப் பாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். அதுவும் உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை, அவனுக்கு உன்மேல் குறை இருந்தால். என்னைக் கேட்டால் மலைப்பிரசங்கத்திலேயே செய்யக் கஷ்டமான இடம் இதுதான். கன்னத்தைக் காட்டுவதுகூடச் சுலபம்.

சரி, கன்னத்துக்கு வருவோம். "ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால்" என்று மத்தேயுவில் வலது பக்கத்தைச் சொல்லியே எழுதியிருக்கிறது. வலதுகைக்காரன் எதிரில் நிற்பவனின் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் முடியும். அது காயப்படுத்துகிற அடி இல்லை, கேவலப்படுத்துகிற அடி. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் உள்ளங்கையால் அறைந்தால் 200 சூஸ் வெள்ளிக்காசு, புறங்கையால் அறைந்தால் 400 என்று அபராதமே இருக்கிறது. வலி குறைவு, அவமானம் அதிகம், அதனால் இரண்டு மடங்கு. மறு கன்னத்தைக் காட்டுகிறவன், 'நீ நினைத்த மாதிரி நான் சிறுத்துப் போகவில்லை, இங்கேதான் நிற்கிறேன்' என்கிறான் என்று வேத அறிஞர்கள் சிலர் விளக்குகிறார்கள். லூக்கா இதே வசனத்தை எழுதும்போது 'வலது' என்று சொல்லவில்லை. அதனால் இந்த விளக்கத்தை ரொம்ப இழுக்கக் கூடாது. ஆனால் இரண்டு சுவிசேஷத்திலும் அடிபட்டவன் ஓடிப்போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இயேசுவே கன்னத்தில் அறை வாங்கியிருக்கிறார். யோவான் 18-ஆம் அதிகாரம். பிரதான ஆசாரியனிடம் இப்படியா பேசுவது என்று ஒரு சேவகன் அறைகிறான். அவர் பதிலுக்குத் திட்டவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்கிறார். கட்டிய கைகளோடு நிற்கிற ஒருவர், தன்னை அடித்தவனைப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். உங்கள் போதகர் ஐயா சொன்னது தவறில்லை. அடுத்த முறை இந்த இடத்தையும் சேர்த்துப் படிக்கச் சொன்னால் நன்றாயிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணிடம் இந்த வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது உபதேசம் இல்லை, அடிக்கிறவனுக்குத் துணைபோவது. அந்த நிலையில் இதைப் படிக்கிற சகோதரிகள் 181-ஐ அழையுங்கள்.

உங்கள் மடைக்கு வருகிறேன். அந்த ராத்திரி இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. ஒன்று, உங்களைத் திட்டியது. அது உங்களுடையது, மன்னிக்கலாம். இன்னொன்று, தண்ணீரை அடைத்தது. உங்களுக்குக் கீழே இன்னும் மூன்று பேர் வயல் காய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் தண்ணீரை நீங்கள் எப்படி மன்னிக்க முடியும்? உங்கள் சபைக்குப் பெயர் கொடுத்த மார்ட்டின் லுத்தர் 1523-இல் அரச அதிகாரத்தைப் பற்றி எழுதியபோது இந்தக் கோட்டைத்தான் போட்டார்: எனக்கு வருகிற அநியாயத்தை நான் தாங்கிக்கொள்ளலாம், அயலானுக்கு வருகிற அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. எல்லாச் சபைகளும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. மெனோனைட் சபையார் பரம்பரையாகப் பட்டாளத்துக்கே போகமாட்டார்கள், பிறரைக் காக்கக்கூட ஆயுதம் எடுப்பதில்லை. ஆனால் அவர்களும் அநியாயத்தை அநியாயம் என்று சொல்வதை நிறுத்தச் சொல்லவில்லை.

உங்கள் ஊருக்கு அடுத்த தரங்கம்பாடியிலேயே உதாரணம் இருக்கிறது. 1706-இல் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, 1708 கடைசியில் டேனிஷ் கோட்டைத் தளபதியால் சிறையில் போடப்பட்டார். சுமார் நாலு மாதம் உள்ளே இருந்தார். ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசப் போனது அதற்கு ஒரு காரணம். தன்னை யாரோ திட்டியதற்காக அவர் தளபதியோடு மோதவில்லை.

ஆகவே முதலில் நீங்கள் அவரிடம் போங்கள். பகலில், தனியாக, டீக்கடையில் இல்லை, அவர் வீட்டுத் திண்ணையிலோ களத்திலோ. "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேசு என்று மத்தேயு 18-இல் இருக்கிறது. அது சபைச் சகோதரனைப் பற்றிச் சொன்னதுதான், ஆனாலும் முறை நல்ல முறை. நாலு பேர் பார்க்கும்போது யாரும் இறங்கிவரமாட்டார்கள். அண்ணன் என்று கூப்பிடுகிற பழக்கம் இருந்தால் அப்படியே கூப்பிடுங்கள். "அண்ணே, நீங்க எங்கம்மாவைப் பேசினது எனக்கு வலிச்சுது. திருப்பிப் பேசத் தெரியாம வரலை. தண்ணி எங்க முறை, அதை விடமாட்டேன்." இவ்வளவு போதும். வேதக்காரன் என்று சொன்னதை அங்கே எடுக்காதீர்கள். எடுத்தால் மடைத் தகராறு மதத் தகராறாகிவிடும், பிறகு உங்கள் இருவர் கையிலும் இருக்காது. அவர் பக்கம் என்ன குறை என்றும் கேளுங்கள். போன வருஷம் சம்பாவில் உங்கள் வரப்பு உடைந்து அவர் நாற்றங்கால் அழுகிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஒரே வரியில். அவருக்கு அது ஒரு வரியாக இருக்காது.

அவர் மறுபடி மடையை அடைத்தால் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற லஸ்கரிடம் சொல்லுங்கள், பாசன சங்கத்தில் சொல்லுங்கள், நீர்வளத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கீழ்வயல்காரர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். கை வைத்தாலோ மிரட்டினாலோ போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். பாவமில்லை. பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் மறுநாள் ரகசியமாகப் போய்விடச் சொன்னபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று பவுல் சொன்னார். அதிகாரிகள் வந்தார்கள். ஆனால் பழிவாங்கப் புகார் கொடுப்பதும் தண்ணீருக்காகப் புகார் கொடுப்பதும் எழுத்தில் ஒன்றுபோல இருக்கும். எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மகனுக்கு இரண்டு சம்பவம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். நம் ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். இது கோழைத்தனமா என்று அவனைக் கேளுங்கள்.

இன்னொருவர் ஜேம்ஸ் லாசன், கறுப்பின மெத்தடிஸ்ட் போதகர். 1950-களில் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தபோது காந்தியின் வழியைப் படித்தவர். ஊர் திரும்பி, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மாணவர்களுக்கு அவமானத்தைத் தாங்கப் பயிற்சி கொடுத்தார். ஒருவன் நாற்காலியில் உட்காருவான், மற்றவர்கள் அவனைக் கெட்ட வார்த்தையால் திட்டுவார்கள், தள்ளிவிடுவார்கள். அந்த மாணவர்கள் 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கவுண்டர்களில் போய் உட்கார்ந்தார்கள். மே மாதம் அவை எல்லாருக்கும் திறக்க ஆரம்பித்தன. அந்த நாட்களில் ஒரு வெள்ளை இளைஞன் லாசன்மேல் எச்சில் துப்பினான். லாசன் அவனிடமே கைக்குட்டை கேட்டார். அவனும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டான். துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறாயா என்று பேச்சுக் கொடுத்தார். இதைச் செய்ய எவ்வளவு தைரியம் வேண்டும் என்று உங்கள் மகனுக்குப் புரியும். பத்தொன்பது வயதுக்காரனுக்கு வசனத்தைவிட இது புரியும்.

வீடியோவை எங்கேயும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், அழிக்கவும் வேண்டாம். போட்டால் திட்டு வாங்கிய உங்கள் தாயாரைத்தான் ஊரெல்லாம் பார்க்கவைக்கிறான். வைத்திருந்தால் புகார் கொடுக்கவேண்டி வரும்போது உதவும்.

அவரிடம் பேசப்போகும்போது மகன் வேண்டாம், தனியாகப் போங்கள். லஸ்கரிடம் போகும்போது அழைத்துப் போங்கள், விஷயத்தை அவனே எடுத்துச் சொல்லட்டும்.