முட்டை குறைவாக இருந்தால் எதிர்ப்புத்திறன் என்று எழுதலாமா?

கேள்வி: காட்டு மான்களின் புழுக்கையில் குடற்புழு முட்டைகளை எண்ணி, அதே புழுக்கையிலிருந்து டி.என்.ஏ.வும் பிரித்து முதுகலை ஆய்வு செய்யப் போகிறேன். நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள எம்.எச்.சி. மரபணுவை மட்டும் பார்த்தால் போதுமா? முட்டை குறைவான மானுக்கு எதிர்ப்புத்திறன் உண்டு என்று எழுதலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வு சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். இரைப்பைப் புழு உள்ளே போய் முட்டையிடவே ஏறக்குறைய 3 வாரம் ஆகும். நேற்று தொற்றிய மானின் புழுக்கையை இன்று உப்புக் கரைசலில் கலக்கி ஸ்லைடில் வைத்தால் ஒரு முட்டைகூட மிதந்து வராது. அது எதிர்ப்புத்திறன் ஆகிவிடுமா? குட்டிகளுக்கு எண்ணிக்கை கூடுதல்; ஈன்ற தாய்க்கும் ஏறும். அதனால் வயது, ஆணா பெண்ணா, பருவம் மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே மானின் புழுக்கையைப் பலமுறை எடுத்து எண்ணுங்கள். முட்டை நிறைய இருந்தும் உடல் இளைக்காத மான் உண்டு. அது புழுவை எதிர்க்கவில்லை, தாங்கிக்கொள்கிறது. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

சரி, மரபணுவுக்கு வருவோம். எம்.எச்.சி. மட்டும் போதாது. ஸ்காட்லாந்தின் ஹிர்ட்டா தீவில் 1985 முதல் சோவே ஆடுகளைத் தனித்தனியாக அடையாளம் வைத்துப் பின்தொடர்கிறார்கள். அங்கே எம்.எச்.சி. வேறுபாட்டுக்கும் புழு எதிர்ப்புக்கும் தொடர்பு இருப்பது 1998-இல் வெளிவந்தது. 2001-இல் இன்டர்ஃபெரான் காமா மரபணுவுக்கு அருகிலுள்ள வேறுபாடு ஒன்றும் குறைந்த முட்டை எண்ணிக்கையோடு சேர்ந்து வந்தது. எம்.எச்.சி. புழுவின் புரதத் துண்டை நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும். எப்படித் தாக்குவது என்ற உத்தரவு சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்கள் வழியாகப் போகிறது; இன்டர்ஃபெரான் காமா அவற்றில் ஒன்று. இரண்டையும் பாருங்கள். கூடவே, உறவுக் கலப்பை அளக்கச் சில மைக்ரோசாட்டிலைட்களும் (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் குட்டித் துண்டுகள்) வேண்டும். அதே தீவில் நெருங்கிய உறவுக் கலப்பில் பிறந்த ஆடுகளுக்குப் புழுத் தொல்லை அதிகம் என்று தெரிந்தது. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பழியோ புகழோ தவறான மரபணுவுக்குப் போய்விடும்.

அப்புறம் புழுக்கை. மான் போட்ட உடனே எடுங்கள். மானின் குடல் செல்கள் மேலே மினுமினுக்கும் சளிப்படலத்தில்தான் ஒட்டியிருக்கும், டி.என்.ஏ.வுக்கு அதை மட்டும் துடைத்து ஆல்கஹாலில் போடுங்கள். மீதியை முட்டை எண்ணக் குளிரில் வையுங்கள், உறையவிடாதீர்கள். வெயிலில் கிடந்தால் ஒரே நாளில் முட்டை பொரிந்து எண்ணிக்கை விழுந்துவிடும். ஒரு மரபணுவுக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு; புழுக்கை டி.என்.ஏ.வைப் பி.சி.ஆரில் நகலெடுக்கும்போது அவற்றில் ஒன்று விடுபடுவது சகஜம். அப்போது இரண்டு பிரதிகளும் வேறுபட்ட மானும் வேறுபாடு இல்லாததுபோல் தெரியும். ஒவ்வொரு மாதிரியையும் குறைந்தது 3 முறை ஓட்டிவிட்டு எழுதுங்கள்.