கல்லீரல் புற்றுநோய்க்குக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும்போது முப்பரிமாணப் படம் எதற்கு?

தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாகக் கத்தீட்டர் எனும் மெல்லிய குழாயைக் கல்லீரல் வரை கொண்டுபோய், கட்டிக்கு ரத்தம் தரும் கிளையிலேயே மருந்தைச் செலுத்தி அடைப்பதுதான் இந்தச் சிகிச்சை. நல்ல கல்லீரலுக்குச் சுமார் 75 சதவீத ரத்தம், குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியை நம்பியே வளர்கிறது. அதனால் தமனிக் கிளையை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், மற்ற பகுதி பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் எந்தக் கிளை? சாதாரண எக்ஸ்ரே படம், சுவரில் விழும் மரநிழல் மாதிரி. முன்கிளையும் பின்கிளையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். மரத்தைச் சுற்றிவந்து பார்த்தால்தான் பழம் எந்தக் கிளையில் தொங்குகிறது என்று புரியும். இங்கே அப்படிச் சுற்றுவது சி வடிவ எக்ஸ்ரே கருவி. ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் தெரியவைக்கும் சாயம் கத்தீட்டர் வழியாகப் பாய, நோயாளி சில விநாடிகள் மூச்சை அடக்கிப் படுத்திருக்க, அது சுமார் 200 டிகிரி சுற்றிப் பல படங்களை எடுக்கும். கணினி அவற்றை முப்பரிமாண உருவமாக்கும். இதன் பெயர் கோன் பீம் சி.டி. நோயாளியை மேசையிலிருந்து நகர்த்தவே வேண்டாம்.

பித்தப்பைக்கோ இரைப்பைக்கோ பிரியும் கிளைகளும் இதில் தெரியும். மருந்து தவறி அங்கே போனால் அந்த உறுப்பு புண்ணாகிவிடும். என்னைக் கேட்டால், இதன் பெரிய பயனே இந்த எச்சரிக்கைதான்.

இந்தப் படமெடுப்பே கட்டியைக் கரைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அது வழி மட்டுமே காட்டும், கட்டியைத் தாக்குவது மருந்தும் அடைப்பும்தான்.