முதல் நாளே எல்லாத்தையும் கொட்டணும்னு யாரு சொன்னா?

கேள்வி: எனக்கு 27 வயசு. எனக்கு ஈர்ப்பு பொண்ணுங்க மேலதான், அது 15 வயசுலயே எனக்குத் தெரியும், வீட்டுக்கு 17ல தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அப்பா அடிச்சது, ரூம்ல பூட்டி வச்சது எல்லாம் இங்க எழுதல. தனியா வந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் யாராவது கதவை பட்டுனு சாத்தினா தூக்கிவாரிப்போடுது. இதுவரை ரெண்டு பேர்கிட்ட கவுன்சிலிங் போயிருக்கேன். முதல் ஆள் முதல் நாளே "எல்லாத்தையும் கொட்டிடுங்க, மனசு லேசாயிடும்"னாங்க, கொட்டினேன், மூணு ராத்திரி தூங்கல. ரெண்டாவது ஆள் அன்பாத்தான் பேசினார், கடைசியில "அப்பா மேல இருக்கிற பயம்தான் ஆம்பளைங்க மேல வெறுப்பா மாறியிருக்கு, பயத்தை சரி பண்ணா இதுவும் தானா சரியாயிடும்"னார். மூணாவதா ஒருத்தரைத் தேடணுமா, இல்ல தெரபியே எனக்கு ஒத்துவராதா? பி.கு: ரெண்டாவது ஆள்கிட்ட அஞ்சு செஷனுக்கு முன்பணம் கட்டிட்டேன், இன்னும் நாலு பாக்கி இருக்கு. (பெயர் வேண்டாம்)

பதில்: தோழி, முதல்ல ரெண்டாவது ஆளோட கணக்கைப் பாப்போம், ஏன்னா படிச்சதும் எனக்குக் கோவம் வந்தது அங்கதான். உங்களுக்குத் தெரிஞ்சது 15ல, அடி விழுந்தது 17ல. முன்னாடி வந்ததுக்குப் பின்னாடி வந்தது எப்படிங்க காரணமாகும்? சரி, தேதி மாறி இருந்தாலும் அவர் சொன்னது தப்புதான், ஏன்னா சரி பண்றதுக்கு அங்க எதுவும் இல்ல. அமெரிக்க சைக்கியாட்ரி சங்கம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்தது 1973ல, உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990 மே 17ல, உங்க வயசை விட பழைய செய்தி இது. இன்னமும் அதை "சரி பண்ணலாம்"னு ஒருத்தர் சொன்னா, குரல் எவ்வளவு மென்மையா இருந்தாலும் சரி, அவர் போற பாதை கன்வர்ஷன் தெரபி, அதாவது ஒருத்தரோட ஈர்ப்பை மாத்தப் பாக்குற முயற்சி, அது பக்கம்தான். ஐக்கிய நாடுகள் சபையோட சிறப்பு நிபுணர் 2020ல உலகம் முழுக்க இதைத் தடை பண்ணணும்னு அறிக்கையே குடுத்தார்.

முதல் ஆள் விஷயம் வேற. அவங்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, ஆனா செஞ்சது அவசரம். கொட்டினா லேசாயிடும்ங்கிறது நேத்து ஆபீஸ்ல நடந்த சண்டைக்கு சரி. வருஷக்கணக்கா உடம்புல உறைஞ்சு கிடக்கிற பயத்தை, அன்னைக்குத்தான் முதல் தடவை பாக்குற ஒருத்தர் முன்னாடி ஒரே மூச்சுல திறந்தா, உடம்புக்கு அது பழைய கதையா தெரியாது, இப்ப நடக்கிற மாதிரியே தெரியும். மூணு ராத்திரி நீங்க தூங்காததுக்கு அதுதான் காரணமா இருந்திருக்கும், தெரபிக்கும் உங்களுக்கும் ஒத்துக்கலன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஜூடித் ஹெர்மன்னு ஒரு சைக்கியாட்ரிஸ்ட் 1992ல எழுதி வச்ச வரிசையைத்தான் இன்னைக்கும் நிறைய பேர் பின்பற்றுறாங்க: முதல்ல பாதுகாப்பு, அப்புறம்தான் நினைவுகளைத் தொடுறதும் துக்கப்படுறதும், அதுக்கப்புறம் மனுஷங்களோட திரும்ப ஒட்டுறது. உங்க முதல் ஆள் முதல் படியை விட்டுட்டு நேரா ரெண்டாவதுல ஏத்தி விட்டுட்டாங்க.

அதனால, ஆமா, மூணாவது ஆளைத் தேடுங்க. ஆனா இந்த தடவை நோயாளியா போகாதீங்க, வேலைக்கு ஆள் எடுக்குற ஆளா போங்க.

தேடும்போது ரெண்டு வார்த்தை அடிக்கடி கண்ணுல படும், அஃபர்மேட்டிவ், ட்ராமா-இன்ஃபார்ம்ட் (ட்ராமான்னா மனசுல ஆழமாப் பதிஞ்ச காயம்). ரெண்டையும் ப்ரொஃபைல்ல யார் வேணா போட்டுக்கலாம், போட்டா யாரும் வந்து பரீட்சை வைக்கப் போறதில்ல. அஃபர்மேட்டிவ்னா உங்க ஈர்ப்பைப் பிரச்சனையா பாக்காதவங்க, அதோட உங்களை அடிச்சதும் பூட்டினதும்தான் பிரச்சனைன்னு புரிஞ்சவங்க. "நான் எல்லாரையும் ஒரே மாதிரிதான் பாப்பேன்"னு ஒருத்தர் சொன்னா எனக்குக் கொஞ்சம் உதறும். கெட்டவங்கன்னு இல்ல, நம்ம வாழ்க்கை எல்லாரோடதும் மாதிரி இல்லைங்கிறதை அவங்க யோசிச்சதே இல்லைன்னு தெரியும். செஷன்ல பாதி நேரம் அவங்களுக்குப் பாடம் எடுத்தே போயிடும், காசும் நாமதான் குடுக்கணும்.

ட்ராமா-இன்ஃபார்ம்ட்ல ஒரு நுணுக்கம் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ட்ராமாவைப் பத்தின புரிதலோட நடந்துக்கிறது வேற, ட்ராமாவுக்கு சிகிச்சை குடுக்கப் பயிற்சி எடுத்திருக்கிறது வேற. அமெரிக்க அரசோட சாம்சாங்கிற மனநல அமைப்பு 2014ல இந்த முதல் விஷயத்தை விளக்கி ஒரு வழிகாட்டி போட்டுது, அதுல முக்கியமானது வந்தவங்களைத் திரும்பக் காயப்படுத்தாம இருக்கிறது. இது ரிசப்ஷன்ல இருக்கிறவங்களுக்கும் பொருந்தும், பல் டாக்டருக்கும் பொருந்தும். உங்களுக்கு அது மட்டும் பத்தாது. "எந்த முறையில ட்ரெயினிங் எடுத்தீங்க"ன்னு கேளுங்க. இஎம்டிஆர் (கண் அசைவை வச்சு பழைய நினைவுகளைக் கையாளுறது), சிபிடி (காக்னிட்டிவ் ப்ராசெஸிங் தெரபி, நடந்ததைப் பத்தின எண்ணங்களை அலசுறது), ப்ரொலாங்க்ட் எக்ஸ்போஷர் (பயந்து தவிர்க்கிறதைப் படிப்படியா எதிர்கொள்றது)னு எதையாவது சொல்வாங்க. பேரை விட, எத்தனை நாள் பயிற்சி, இப்பவும் மேல ஒரு சூப்பர்வைசர்கிட்ட கேஸ் பேசுறாங்களான்னு கேட்டா நிறைய தெரியும். இஎம்டிஆரை எடுத்துக்கோங்க, மொத்தம் 8 கட்டம், அதுல ரெண்டாவது கட்டமே உங்களைத் தயார்படுத்துறதுதான். முதல் நாளே கண்ணை இப்படி அப்படி ஆட்டச் சொல்லி ஆரம்பிக்கிறவர் அந்த முறையையே ஒழுங்கா படிக்கலன்னு அர்த்தம். சிபிடி வழக்கமா 12 செஷன்ல முடியற மாதிரி வடிவமைச்சது, ஆனா உங்களை மாதிரி சின்ன வயசுல, சொந்த வீட்டுக்குள்ளயே, திரும்பத் திரும்ப நடந்தவங்களுக்கு சில சமயம் அதிகமாவே ஆகும். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான, 2022ல நடைமுறைக்கு வந்த ஐசிடி-11ல, இப்படித் திரும்பத் திரும்ப பட்ட காயத்தோட பாதிப்புக்கு காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டின்னு தனிப் பேரே இருக்கு. உங்களுக்கு அதுதான்னு நான் சொல்ல வரல, அதைச் சொல்ற இடத்துல நான் இல்ல, ஆனா அந்தப் பேரைக் கேட்டதும் முழிக்காதவரா பாருங்க.

எங்க தேடுறதுன்னா, கூகுள்ல முதல்ல வர்ற பேரை விட க்வியர் ஆளுங்க, அதாவது நம்மள மாதிரி பால் ஈர்ப்புலயோ பாலின அடையாளத்துலயோ வழக்கத்துல இருந்து மாறுபட்டவங்க, அவங்க வாய் வார்த்தை நம்பகமானது. க்வியர் சப்போர்ட் க்ரூப் எதுலயாவது போய் "யார்கிட்ட போனீங்க"ன்னு கேட்கிறதோட "யார்கிட்ட போய் பாதியில நிறுத்துனீங்க, ஏன்"னும் கேளுங்க, ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில்தான் தங்கம். தெரபிஸ்டே க்வியரா இருந்தா நல்லதான்னு கேட்பீங்க. சிலருக்குப் பெரிய நிம்மதி. ஆனா நம்ம வட்டம் சின்னது, அவங்க ஃப்ரெண்டு உங்க எக்ஸா இருப்பாங்க, அதையும் முதல்லயே பேசிடணும். அடுத்தது, அஃபர்மேட்டிவா இருக்கிறது, ட்ராமா பயிற்சி, ரெண்டும் ஒரே ஆள்கிட்ட கிடைக்கலன்னா? இது என் சொந்தக் கருத்து: ட்ராமாவுல பெரிய நிபுணர் ஆனா உங்களையே நோயா பாக்குறார்னா வேண்டாம். ட்ராமா பயிற்சி கம்மி, ஆனா உங்களை நீங்களா ஏத்துக்கிறாங்க, நிதானமா போறாங்க, தெரியாததைத் தெரியலன்னு சொல்றாங்கன்னா அவங்ககூட முதல் படி வரைக்கும், அதாவது தூக்கம், பயம் வரும்போது உடம்பை அடக்குறது, தாராளமா போகலாம். ரெண்டாவது படிக்கு வேற ஆள் தேடிக்கலாம்.

நேர்ல போறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் அனுப்புங்க, நிறைய பேர் பத்து பதினஞ்சு நிமிஷம் போன்ல பேசுவாங்க. இப்படி அனுப்பலாம்: "நான் லெஸ்பியன். குடும்பத்துல நடந்த வன்முறைக்காக தெரபி தேடுறேன். என் ஈர்ப்பை மாத்துறது பத்தின பேச்சு எனக்கு வேண்டாம். க்வியர் ஆளுங்ககூட எவ்வளவு நாளா வேலை பண்றீங்க? முதல் சில செஷன் எப்படிப் போகும்?" அவ்வளவுதான். உங்க கதை ஒரு வரி கூட வேணாம். அதுக்கு வர்ற பதில்லயே பாதி பேரைக் கழிச்சிடலாம். "நேர்ல வாங்க பேசிக்கலாம்"னு மட்டும் வந்தா நான் போகமாட்டேன். "முதல் ரெண்டு மூணு செஷன் பழகுறதுக்கும் உங்களுக்கு என்ன வேணும்னு புரிஞ்சுக்கறதுக்கும்தான், நடந்ததைப் பத்தி நீங்க தயாராகும்போது பேசலாம்"ங்கிற மாதிரி வந்தா போய்ப் பாருங்க.

போனதும் மறக்காம கேட்க வேண்டியது ரகசியம் பத்தி. "எந்த சூழ்நிலையில நான் சொன்னதை வெளிய சொல்வீங்க, என் வீட்ல இருந்து போன் வந்தா என்ன பண்ணுவீங்க?" உயிருக்கு ஆபத்துன்னா சொல்ல வேண்டி வரும்னு எல்லாரும் சொல்வாங்க, அது சரிதான். வீட்ல இருந்து கேட்டா நீங்க அவங்க க்ளையண்டுங்கிறதையே ஒத்துக்க மாட்டேன்னு சொல்றவர்தான் உங்களுக்கு வேணும். "பெத்தவங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க, பேசித் தீர்த்துக்கலாம்"னா, பையை எடுத்துட்டுக் கிளம்புங்க. ஆன்லைன் செஷன்னா பக்கத்து ரூம்ல யாராவது இருக்கும்போது பேச வேண்டியதை சாட்ல டைப் பண்ணலாமான்னும் கேட்டு வச்சுக்கோங்க.

இவ்வளவு கேள்விக்கும் அழகா மனப்பாடமா பதில் சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. அதனால நான் நம்புறது ஒரே ஒரு சோதனையைத்தான்: முதல் நாளே எதுக்காவது "வேண்டாம்" சொல்லிப் பாருங்க. அவங்க ஏதாவது கேட்கும்போது "இதை இன்னைக்குப் பேச விரும்பல"ன்னு சொல்லிட்டு அவங்க மூஞ்சியைப் பாருங்க. நல்லவங்க "சரி, சொன்னது நல்லதாப் போச்சு"ன்னு நிஜமாவே அங்கேயே விட்டுடுவாங்க, பத்து நிமிஷம் கழிச்சு வேற வழியா சுத்தி வந்து அதையே கேட்க மாட்டாங்க. "ரெசிஸ்டன்ஸ் நிறைய இருக்கு"ன்னோ "நீங்க ஒத்துழைக்கலன்னா நான் எப்படி உதவுறது"ன்னோ வந்தா முடிஞ்சுது. உங்க வீட்ல உங்க வேண்டாமுக்கு மதிப்பே இல்லாம போனதுதானே காயம், அதே காயத்தை காசு குடுத்து இன்னொரு ரூம்ல வாங்கணுமா?

எனக்கும் இது பட்டுத்தான் தெரிஞ்சுது. பல வருஷம் முன்னாடி, வேற காரணத்துக்காக, ஒருத்தர்கிட்ட போனேன். அவர் எனக்குக் காட்டின நாற்காலி கதவுக்கு முதுகு காட்டி இருந்துச்சு, வெளிய காலடிச் சத்தம் கேட்குற ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பாத்தேன், அவர் "கவனம் சிதறுது உங்களுக்கு"ன்னு நோட்டுல எழுதிக்கிட்டார். அடுத்து போன இடத்துல அந்த அம்மா "எங்க உக்காந்தா வசதின்னு நீங்களே பாருங்க, என் நாற்காலி கூட வேணும்னா எடுத்துக்கலாம்"னாங்க. நான் நிஜமாவே அவங்க நாற்காலியில போய் உக்காந்தேன். அவங்க சிரிச்சுக்கிட்டே நோட்டைத் தூக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிட்டாங்க. அன்னைக்கு நான் பேசினது மொத்தம் இருபது வாக்கியம் கூட இருக்காது, ஆனா அன்னைக்கு ராத்திரி தூங்கினேன்.

இன்னொண்ணு, நல்ல தெரபியும் வலிக்கும். செஷன் முடிஞ்சு உடம்பு அசந்து போறது, ரெண்டு நாள் அழுகை வர்றது எல்லாம் சகஜம், அதுக்காக ஓடிடாதீங்க. வித்தியாசம் எங்கன்னா, "போன தடவை எனக்கு ரொம்ப அதிகமாப் போச்சு"ன்னு நீங்க போய்ச் சொன்னா அவங்க வேகத்தைக் குறைக்கணும், செஷன் முடியறதுக்கு முன்னாடி கடைசிப் பத்து நிமிஷம் உங்களை இந்த ரூமுக்கு, இந்த நாளுக்குக் கூட்டிட்டு வந்துட்டுத்தான் அனுப்பணும். தப்பு எல்லா தெரபிஸ்டும் பண்ணுவாங்க, தப்பை ஒத்துக்கிட்டு "மன்னிச்சுக்கோங்க, நான் அவசரப்பட்டுட்டேன்"னு சொன்னா அவங்களை விட்டுடாதீங்க, அப்படிச் சொல்ற பெரியவங்களை நீங்க இதுவரைக்கும் எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க? ஆனா "அப்பாவை மன்னிச்சாதான் குணமாகும்"ங்கிறவங்க, நீங்க யார்கூட எப்படி இருந்தீங்கன்னு தேவையே இல்லாம தோண்டுறவங்க, கேட்காம தொடுறவங்க, இவங்களுக்கெல்லாம் ரெண்டாவது வாய்ப்பு குடுக்கணும்னு எந்தக் கடமையும் உங்களுக்கு இல்ல. மத்தபடி ஒரு மூணு நாலு செஷன் குடுத்துப் பாத்து முடிவு பண்ணுங்க.

தூக்கமே வராத நிலை திரும்ப வந்தா ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டையும் பாருங்க, மாத்திரை எழுதுறது அவங்க வேலை, தெரபியோட சேர்த்தே எடுத்துக்கலாம். உயிரை விட்டுடலாம்னு யோசனை வந்தா இந்தத் தேடலையெல்லாம் அப்படியே ஓரமா வச்சுட்டு, உங்க ஊர் அவசர உதவி எண்ணுக்கோ பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்கோ போங்க, நல்ல தெரபிஸ்ட் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

கடைசியா உங்க பி.கு. போகாதீங்க, கட்டின காசுக்காக இன்னும் நாலு தடவை அந்த மனுஷன் முன்னாடி போய் உக்கார வேண்டாம். "இனி தொடர விரும்பல, மீதி நாலு செஷனுக்கான பணத்தைத் திருப்பி அனுப்புங்க"ன்னு ஒரே ஒரு வரி அனுப்புங்க. ஏன்னு கேட்டு அவர் போன் பண்ணா எடுக்க வேண்டியதில்ல, விளக்கமும் குடுக்க வேண்டியதில்ல. பணம் வந்தா மூணாவது ஆளுக்கு ஆகும். வரலன்னா வயித்தெரிச்சல்தான், ஆனா மூணு ராத்திரித் தூக்கம் போனதுக்கு முன்னாடி அது கம்மி விலை.